விடியுமளவும் விளக்கு
(திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



நம் தேவிபட்டினத்துக் கடலுள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. அவற்றிற்கு முகமில்லை, கைகளில்லை. ஆயினும் இராமபிரான் நிறுவிய நவக்கிரகங்கள் என்று மரபு போற்ற, அன்பர்கள் நீரிலிறங்கி, நவதானியம் இட்டு, வலம்வந்து வணங்குகின்றனர். கண் காண்பது கல். கருத்துத் தொழுவது கோள். காணப்படும் பொருளைக் கொண்டு காணப்படாத பொருளை அடைதல் எங்ஙனம் என்பதே ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

இக்காலத்தில் 'மெய்நிகர்' என்னும் காட்சிக் கருவி வந்துளது. 1968-ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் தலையில் அணிந்து காணும் கருவியொன்றை அமைத்துக் காட்டினார். இரு கண்களுக்கும் சிறிதே வேறுபட்ட இரு படங்களை அது தரும். தலை திரும்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறும். அதன் வழிவந்த கருவிகள், வீட்டிலிருப்போரைச் சந்நிதியில் நிற்பார்போல் உணரச் செய்ய வல்லன. "இது மாயத்தோற்றமன்றோ? இதனால் மெய்ப்பொருளை அடைதல் கூடுமோ?" என்று சிலர் வினவுவர்.

மாயை என்பது வெறும் பொய்யன்று என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும் தந்து உதவுவது அது. விடியுமளவும் வேண்டப்படும் விளக்கினை அதற்கு உவமை கூறினார் உமாபதி சிவாசாரியார். விளக்கு வேண்டாமென்பது பேதைமை. விளக்கே கதிரவன் என்பது அதனினும் பேதைமை.

திருக்குடமுழுக்கும் இதனையே உணர்த்துகின்றது. திருப்பணிக்கு முன்னர், திருமேனியில் விளங்கும் இறைகலைகளைக் குடத்துநீரில் எழுந்தருளச் செய்து பாலாலயத்தில் வழிபடுகின்றோம். திருப்பணி முற்றியபின் வேள்விச்சாலையிலிருந்து மீளவும் திருமேனியிற் சேர்க்கின்றோம். குடமும் நீரும் தருப்பையும் நூலும் இறைவனல்ல. அவனருளை ஏந்தும் வாயில்கள். பணி முடிந்ததும் குடம் விலகிக்கொள்கின்றது. நல்ல கருவிக்கு இலக்கணம் இதுவே.

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் ஆலயக் கதவுகள் அடியார்க்கு அடைபட்டிருந்தமையை யாவரும் அறிவர். அவ்வாண்டு மே 4-ஆம் நாள் மதுரை அன்னை மீனாட்சியின் திருக்கல்யாணம் இணையவழி ஒளிபரப்பாயிற்று. அதனைக் கண்ட தாய்மார்கள் தத்தம் இல்லத்திலேயே திருமாங்கல்யக் கயிற்றை மாற்றிக்கொண்டனர். திரையிற் கண்டது நிழலுருவே. கயிற்றை மாற்றிய கைகளோ மெய். உருகிய உள்ளமும் மெய். காட்சியோடு நில்லாது வழிபாடாக முதிர்ந்தமையால் அக்கருவி அன்று வாயிலாயிற்று.

ஆகவே, முதுமையாலும் நோயாலும் வர இயலாதார்க்கும் கடல்கடந்து வாழ்வார்க்கும் இத்தகைய காட்சியை வழங்குதல் அறமே. அதற்குப் பொருளுதவுவதும் திருப்பணியே. ஆயினும் வரவல்லார், காட்சி ஒன்றே போதுமென்று வீட்டிலிருத்தல் தகாது. உப்புநீரின் குளிர்ச்சியும், அலைக்கு அசையும் காலும், அருகில் நிற்கும் அயலார்க்குக் கைகொடுக்கும் அன்பும் அப்பெட்டிக்குள் அடங்குவனவல்ல. வணங்குவது கண் மட்டுமன்று. உடலனைத்தும் வணங்குதற்கே கோயில் உளது.

கருவிகள் யாவும் அருளுக்கு வாயிலாகுக! யாவர்க்கும் இறைவன் திருவருள் துணைநிற்பதாக!