ஒண்டாச்சியும் அப்பப்பாவின் கொப்பிகளும்



1659ஆம் ஆண்டு தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து ஒரு தமிழ் வைத்தியர் கொழும்புக்குப் போனார். ஒல்லாந்தரிடம் வேலை பார்த்தார், கிறிஸ்தவரானார், அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார். அவர் பெயர் ஒல்லாந்தர் எழுத்தில் ஒண்டாச்சி என்று பதிவானது. அந்த எழுத்தைப் பார்க்கிறவர் யாரும் அதை ஆம்ஸ்டர்டாம் வீட்டுப் பெயர் என்றே எண்ணுவார். அந்த வழியில் 1758இல் கொழும்பில் பிறந்த குவின்ட் ஒண்டாச்சி, 1780களில் ஒல்லாந்தின் உத்ரெக்ட் நகரில் மன்னராட்சித் தரப்பை எதிர்த்த தேசாபிமானிகளின் முன்னணித் தலைவராக நின்றார். நம் காலத்து நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியும் அதே குடும்பம். கனடாவிலிருந்து 1978இலும் 1980இலும் இலங்கைக்குப் போய், உறவினரிடம் கேட்டறிந்து, அவர் தம் குடும்பக் கதையை எழுதினார்.

முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி ஒரு தமிழ் வைத்தியர் வரைக்கும் இப்படிப் போக முடிகிறதே, எதனால்? பெயர் மாறவில்லை, தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானமும் திருமணமும் அந்தப் பெயரிலேயே ஏறிக்கொண்டிருந்தன. கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908 முதல் தன் இதழில் இப்படிப்பட்ட குடும்பங்களின் வம்சாவளிகளை அச்சிட்டும் வைத்தது.

நம் வீடுகளில் அது நடக்காது. தகப்பன் பெயர் முதலெழுத்தாகிறது. பேரன் காலத்தில் அந்த எழுத்தும் போய்விடும். வெளிநாட்டுக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் சிக்கல். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அண்ணன் அப்பாவின் பெயரைப் போடுகிறார், வேறு நாட்டுக்குப் போன தம்பியின் பிள்ளைகளுக்குத் தம்பியின் பெயரே குடும்பப் பெயராகிறது. ஒரே அப்பப்பாவின் பேரப்பிள்ளைகள் கடதாசியில் அந்நியர்கள். நம் பெயர் வழக்கை மாற்றச் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்த வழக்கு. பெயர் செய்யாத வேலையை நம் வீட்டில் எழுத்துத்தான் செய்யவேண்டும் என்கிறேன்.

என் அப்பப்பா மன்னாரில் பள்ளிக்கூட வாத்தியார். கடைக்காரர் தைப்பொங்கலுக்குக் கொடுக்கும் டயரியில் தினமும் நாலு வரி எழுதுவார். பெரும்பாலும் கணக்கு: அரிசி, மண்ணெண்ணெய், யாருக்குக் கைமாற்று. 1964 டிசம்பர் புயல் அடித்த மறுநாள் பக்கத்தில் மட்டும் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். கூரை போனவர்கள், பள்ளிக்கூடத்தில் படுத்தவர்கள், எல்லோரும் பெயர் பெயராக. அதில் "பெ.வீ. மூத்தவள், பிள்ளைகளோடு" என்று ஒரு வரி. எங்களில் யாருக்கும் புரியவில்லை. என் மாமிதான் சொன்னார்: பெ.வீ. என்றால் பெரிய வீடு, மூத்தவள் அப்பப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. தொடர்பே விட்டுப்போன அந்தக் கிளையை அந்த ஒரு வரியை வைத்துத்தான் தேடிப் பிடித்தோம். மாமிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தச் சுருக்கெழுத்தை வாசிக்க இன்று அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

"கணக்குக் கொப்பியில் என்ன இருக்கப்போகிறது?" என்று கேட்பவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைக்கவேண்டும். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும் சரக்கு விலையும் வீட்டு விசேஷமும் கலந்தே கிடக்கின்றன. வழிவந்தோர் வீட்டில் கிடந்ததை 1846 வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டு படியெடுக்கச் செய்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் காலத்தைப் படிக்கும் எவரும் இன்று அதைத் தொடாமல் போகமுடியாது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. வீட்டில் டயரி, காணி உறுதி, கல்யாணக் கடிதம் எது இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். பிளாஸ்டிக் உறை ஒட்டி லேமினேட் செய்யாதீர்கள், தாள் கெட்டுவிடும். பெரியவர்களை வாசிக்கச் சொல்லிக் குரலைப் பதியுங்கள். பழைய படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்துக்குப் பிரதி கொடுக்கலாம். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

நம் சங்க நிர்வாகிகள் அடுத்த ஆண்டு விழாவில் இதற்கென்று ஒரு மேசையும் ஒரு ஸ்கேனரும் ஒதுக்கித் தரவேண்டும். என் அப்பப்பாவின் கொப்பிகளோடு நான் வருகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுக் கொப்பிகளோடு வாருங்கள்.