ஸ்பிதிக்குப் போகும் பழைய வழி



மழைமேகங்கள் தம் பாரத்தையெல்லாம் ஹிமாலயத்தின் தென்சரிவுகளிலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்வதால், மரமோ புல்லோ அதிகமின்றி, மண்ணும் பாறையும் ஆகாயமுமாக விரிந்து கிடக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கைப் பற்றியும், அங்கே சைக்கிளில் யாத்திரை செய்ய விரும்புகிறவர்களுக்கு ஏற்ற அமைதியான பாதைகளைப் பற்றியும் இன்று சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன். ஹிமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு வாசல்கள் இரண்டு. மணாலியிலிருந்து குன்சும் கணவாயைத் தாண்டி வருவது ஒன்று. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சட்லெஜ் நதியையும், பிறகு ஸ்பிதி நதியையும் தொடர்ந்து வருவது மற்றொன்று. தலைமை ஊராகிய காஜாவை அடைய முதல் வழியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரண்டாவது வழியில் 400 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிள்காரர் இந்த நீண்ட வழியையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதற்காரணம் தேகத்தைச் சார்ந்தது. மணாலி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்சும் கணவாயோ 4,500 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குகூட இராது. இந்தக் குறைவுக்குத் தேகம் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு படுக்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு அதிகமாகக் கூட்டாதிருப்பதும், இயலாதபோது கூடுதலாக ஓர் இரவு தங்குவதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை பூரண ஓய்வு கொள்வதும் வைத்தியர்கள் சொல்லும் நியமம். மணாலி வழியில் அவகாசம் கிடைப்பதற்கு முன்பே கணவாய் வந்துவிடுகிறது. கின்னௌர் வழியிலோ ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வர, ஏறிய உயரத்தைத் தேகம் ஜீரணித்துக்கொண்ட பிறகே அடுத்த உயரம் எதிர்ப்படுகிறது.

இரண்டாவது காரணம் சாலையின் சரித்திரத்தில் இருக்கிறது. 1850-ஆம் ஆண்டில், கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசி பிரபு, திபெத்தின் கம்பளி வியாபாரத்தைச் சட்லெஜ் பள்ளத்தாக்கின் வழியாக ஈர்த்துக்கொள்ளும் உத்தேசத்துடன், சிம்லா மலைகளிலிருந்து திபெத்தின் எல்லையை நோக்கி ஒரு பாதை அமைக்க ஏற்பாடு செய்தார். ஹிந்துஸ்தான்–திபெத் சாலை என்று பெயர் பெற்ற அந்தப் பாதை, மலைநாட்டுச் சிற்றரசுகளின் குடிமக்களிடமிருந்து வாங்கப்பட்ட கட்டாய உழைப்பினால் வெட்டப்பட்டது என்பதை, அதன் அழகைப் புகழ்கிறவர்கள் மறந்துவிடலாகாது. பொதி சுமந்த கோவேறு கழுதைகள் மூச்சுத் திணறாமல் ஏறவேண்டும் என்று கருதி அமைத்ததால் அதன் ஏற்றம் நிதானமானது. ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் என்று கணக்கிட்டு வழியெங்கும் விடுதிகள் கட்டப்பட்டன. பிற்காலத்தில் மோட்டார் சாலை ஆற்றங்கரையோரமாகக் கீழே அமைந்துவிடவே, பழைய பாதையின் பகுதிகள் பல மலைத்தோள்களில் கிராமச் சாலைகளாகத் தங்கிவிட்டன. பொதிமிருகத்தின் சக்திக்கு ஏற்ப அளந்து போட்ட சாலை, தன் கால்களையே நம்பிச் செல்லும் சைக்கிள்காரனுக்கும் ஏற்றதாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆகவே சிம்லாவிலிருந்து புறப்பட்டு 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவை அடைந்தவர்கள், அங்கிருந்து சட்லெஜ் கரைக்கு இறங்கும் பெருஞ்சாலையை விட்டுவிட்டு, பாகி, கத்ராலா, சுங்ரி என்னும் ஊர்களின் வழியாகச் செல்லும் பழைய பாதையில் திரும்பிக்கொள்வது உத்தமம். தேவதாருவும் ஃபர் மரங்களும் அடர்ந்த வனங்கள், ஆப்பிள் தோட்டங்கள், அபூர்வமாக எதிர்ப்படும் வாகனங்கள் என்று அந்தப் பாதை நெடுந்தூரம் மலைமுகட்டை ஒட்டியே செல்கிறது. அதன்பின் பீமாகாளி கோயில் உள்ள சராஹன். கல்லும் மரமும் மாறி மாறி அடுக்கி எழுப்பிய சுவர்களையுடைய அந்தக் கோயிலில் ஒரு பகல் தங்குவது கால்களுக்கும் கண்களுக்கும் நல்லது.

சராஹனுக்குக் கீழே, ஜியோரியிலிருந்து கர்ச்சம் வரையுள்ள ஆற்றோரப் பகுதி அமைதியானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1,500 மெகாவாட் சக்தியுள்ள நாத்பா–ஜாக்ரி நீர்மின் திட்டமும் அதைத் தொடர்ந்து வந்த திட்டங்களும் அந்தப் பள்ளத்தாக்கின் முகத்தையே மாற்றியிருக்கின்றன. லாரிகளும் புழுதியும் மிகுதி. மலைச்சரிவிலிருந்து கற்கள் உருளும் அபாயமும் உண்டு. விடியற்காலையில் புறப்பட்டு விரைவில் கடந்துவிட வேண்டிய பகுதி அது.

கடந்துவிட்டால் கல்பா. முன்பு சினி என்று வழங்கிய இந்த ஊரில்தான் டல்ஹௌசி கோடைகாலத்தைக் கழித்தார். இங்கே இரண்டு இரவுகளாவது தங்கவேண்டும் என்பேன். எதிரே கின்னர் கைலாசத்தின் சிகரங்கள். பக்கத்தில் ரோகி கிராமத்துக்குப் போகும் பழைய சாலையின் ஒரு பகுதி, பாறையைக் குடைந்து, அதலபாதாளத்தின் விளிம்பை ஒட்டிச் செல்கிறது. மூட்டைகளை அறையில் வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு ஒருமுறை அதில் போய்வருவது தேகத்தைப் பழக்குவதற்கும் உதவும். சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில், பனி விழுந்து பாதைகள் அடைபடுவதற்கு முன் 1951 அக்டோபரிலேயே இங்கே வாக்குப்பதிவு நடந்தது. அப்போது வாக்களித்த, இவ்வூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி, நாட்டின் முதல் வாக்காளர் என்று பிற்காலத்தில் கீர்த்தி பெற்றார். தேசத்தின் தேர்தல் அட்டவணையும் பனிக்குக் கட்டுப்பட வேண்டியிருந்த பிரதேசம் இது. சைக்கிள்காரன் வகுக்கும் அட்டவணையைப் பற்றிக் கேட்பானேன்?

கல்பாவுக்கு அப்பால் சில்கோசா என்னும் கொட்டை தரும் பைன் மரங்கள் கொஞ்சதூரம் துணைவருகின்றன. பிறகு அவையும் நின்றுவிட, காப் என்னுமிடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜுடன் கலக்கிறது. அங்கிருந்து சாலை, வளைவுமேல் வளைவாக, 1,000 மீட்டருக்கும் அதிகமாக ஏறி நாகோ கிராமத்தை அடைகிறது. பிரயாணத்தின் கடினமான நாள் இதுதான். பல்சக்கரங்களின் அருமை அன்று தெரியும். முன்சக்கரத்தில் 24 பற்களும் பின்சக்கரத்தில் 34 பற்களுமாகச் செயின் ஓடினால், பெடலை ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் நகரும்; ஊரில் நாம் ஓட்டும் சாதாரண சைக்கிளோ 5 மீட்டருக்கு மேல் போய்விடும். மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில், மூச்சு முட்டாமல், பேச்சு நிற்காமல் ஏற முடிகிறதென்றால் கியர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நாகோவில் ஏரியோரம் இரண்டு இரவுகள் தங்கி, பிறகு 3,300 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தாபோவுக்கு இறங்கினால், அங்கே நித்திரை சுகமாக வரும்.

தாபோ விஹாரம் 996-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மண்சுவர்கள்தாம். ஜன்னலற்ற அந்த இருளுக்குள், சுவர்களிலிருந்து முன்வந்து அமர்ந்திருக்கும் மண்சிற்பங்களும் அவற்றைச் சூழ்ந்த சித்திரங்களும் பத்து நூற்றாண்டுகளாக ஓய்ந்தவையல்ல. இன்றும் அங்கே பூஜை நடக்கிறது. 1975-ஆம் ஆண்டின் பூகம்பத்தில் சேதமுற்றும், விஹாரம் நின்ற இடத்தில் நிற்கிறது. மோட்டாரில் வருகிறவர்கள் அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுவதைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது; கண்கள் அந்த இருளுக்குப் பழகுவதற்கே நேரம் வேண்டும்.

தாபோவுக்கு மேலே கிளைவழிகள் பல. ஸ்பிதியின் பழைய தலைநகரான தன்கர், பின் என்னும் நதியும் ஸ்பிதி நதியும் கூடுமிடத்துக்கு மேலே செங்குத்தான மண்முகட்டில் இருக்கிறது. பின் பள்ளத்தாக்கில் முத் என்னும் கிராமத்தோடு சாலை முடிந்துவிடுவதால், அதைக் கடந்து எங்கும் போக வேண்டியவர் எவரும் அதில் வருவதில்லை. அமைதியைத் தேடுகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாதையை நான் சொல்ல மாட்டேன். காஜாவிலிருந்து குன்சுமை நோக்கிச் செல்லும்போதும், ஆற்றோரச் சாலைக்குப் பதிலாகக் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் வழியாக மேலே செல்லும் பாதை உண்டு. அது லோசருக்கு முன் பெருஞ்சாலையில் வந்து சேர்கிறது. கிப்பரையும் சிச்சத்தையும் பிரிக்கும் ஆழமான பிளவின்மேல் 2017-இல் பாலம் அமையும்வரை, கயிற்றில் தொங்கும் கூடையில்தான் மக்கள் அக்கரை சென்றார்கள்.

நீண்ட வழிக்கு மூன்றாவது காரணம் காற்று. இத்தகைய பள்ளத்தாக்குகளில் பிற்பகலில் காற்று பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கியே பலமாக வீசும். நம் வழியில் ஏறுகிறவருக்கு அது முதுகுப்புறம் வீசும், மணாலியிலிருந்து இறங்குகிறவருக்கு முகத்தில் வீசும். சாலையைக் குறுக்கிட்டு ஓடும் நாலா என்னும் ஓடைகளைக் கடப்பதற்கு மட்டும் காலை நேரமே ஏற்றது. இரவில் உறைந்திருந்த பனி வெயிலில் உருகுவதால், காலையில் கணுக்கால் அளவு இருந்த நீர் மாலையில் வண்டியையே புரட்டிவிடும்.

குன்சும் கணவாய் சாதாரணமாக ஜூன் மாதத்துக்குள் திறந்து, அக்டோபர் வாக்கில் பனியால் மூடிக்கொள்கிறது. கணவாயின் கிழக்கே பெய்யும் நீர் ஸ்பிதி வழியாகச் சட்லெஜில் சேர, மேற்கே பெய்வது சந்திரா நதியாகிச் சீனாபில் சேர்கிறது. சக்தி மிஞ்சியிருப்பவர்கள் அதைத் தாண்டி, சந்திரதால் ஏரியைத் தரிசித்து, பாத்தல் வழியாகக் கற்பாதையில் மணாலிக்கு இறங்கலாம். களைத்தவர்களுக்குக் காஜாவிலிருந்து கின்னௌரிலுள்ள ரெக்காங் பியோவுக்கு அரசாங்கப் பஸ் இருக்கிறது. சைக்கிளைக் கூரையின்மேல் படுக்கவைத்துக் கட்டும்போது, கியர் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.