சிறு காரும் மலைவீதியும்: பெற்றோலா, டீசலா?

கண்டி மாநகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் மகியங்கனை வீதி, திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களைக் கடந்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பைப் பின்னே விட்டு மலைமேல் ஏறத் தொடங்குகிறது. அவ்வேற்றத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூரே ஹுன்னஸ்கிரிய. இங்கிருந்து ஒரு கிளைவீதி லூல்வத்தை வழியாக மீமுரே என்னும் கிராமத்திற்குப் பிரிந்து செல்கிறது. பெருவீதியோ உடுதும்பரவைக் கடந்து, பதினெட்டு வளைவு எனப் பெயர் பெற்ற இறக்கத்தின் வழியே மகியங்கனைச் சமவெளியை அடைகிறது.

இத்தகைய ஊரிலே மோட்டார்க் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. மழையும் மூடுபனியும் சூழ்ந்த நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டால், தெல்தெனிய வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ கொண்டுசெல்ல வாகனம் ஒன்று வேண்டும். ஆதலால், சேமலாப நிதியாகக் கிடைத்த தொகையும், வீட்டுப் பெண்களின் நகையை ஈடுவைத்துப் பெற்ற பணமும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு சிறு காராக மாறுகின்றன. ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. அவ்வேளையில் எழும் வினா இது: வாங்குவது பெற்றோல் வண்டியா, டீசல் வண்டியா? “டீசல் மலிவு, அதையே வாங்கு” என்பார் ஒருவர். “பெற்றோலே தொல்லையற்றது” என்பார் வேறொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மை யாருக்குப் பொருந்துவது என்பதை ஆராயாமல் பணத்தைக் கொடுப்பது தகாது.

முதலில் இவ்விரு இயந்திரங்களின் இயல்பை அறிதல் நலம். ஜெர்மனி நாட்டவரான நிக்கோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் உருவாக்கிய நான்கு அடி இயந்திரத்தின் வழிவந்ததே இன்றைய பெற்றோல் இயந்திரம். அதனுள் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்து அழுத்தப்பட, ‘பிளக்’ எழுப்பும் மின்பொறி அதைப் பற்றவைக்கிறது. ருடோல்ப் டீசல் என்னும் பொறியியலாளர் இதனின் வேறான வழியொன்றைக் கண்டார். காற்றை மட்டும் மிக இறுக்கமாக அழுத்தினால், அது தானே கடுஞ்சூடாகும். அச்சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் பொறியின்றியே தீப்பற்றும். 1897இல் அவருடைய இயந்திரம் வெற்றிகரமாக இயங்கியது. பெற்றோல் இயந்திரம் காற்றைப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருக்கும். டீசல் இயந்திரமோ பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை சுருக்கும்.

இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே ஏனைய வேற்றுமைகள் யாவும் பிறக்கின்றன. அதிக அழுத்தத்தினால் டீசல் இயந்திரம் எரிபொருளிலிருந்து கூடுதலான வேலையைப் பெறுகிறது. மேலும், ஒரு லீற்றர் டீசல் ஒரு லீற்றர் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடுதலான வெப்பத்தைத் தரவல்லது. ஆயின், அவ்வழுத்தத்தைத் தாங்குவதற்கு இயந்திரம் கனமாகவும் உறுதியாகவும் வார்க்கப்படல் வேண்டும். எண்ணெய் பீய்ச்சும் பம்பியும் ஊசிகளும் நுட்பமாகக் கடையப்படல் வேண்டும். ஆகவே வண்டியின் விலை ஏறுகிறது. பழுதுபார்க்கும் செலவும் ஏறுகிறது.

மலைவீதியில் டீசலின் வலிமை தனிச்சிறப்புடையது. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதே இழுவிசை மிகுவதால், பாரத்தோடு ஏற்றம் ஏறும் வண்டி திணறுவதில்லை. 1954ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் மலையகப் புகையிரதப் பாதையில் சுமை இழுத்ததை முதியோர் நினைவுகூர்வர். சிறு காருக்கும் அவ்விதி பொருந்தும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஆயிரம் மீற்றர் உயரத்தில் சாதாரண இயந்திரம் தன் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். ‘டேர்போ’ பொருத்திய இயந்திரம், அது பெற்றோலாயினும் டீசலாயினும், இவ்விழப்பைப் பெருமளவு ஈடுசெய்யும்.

ஆனால் இறக்கத்தில் டீசல் வண்டி தானாகவே நன்றாக அடங்கி வரும் என்று பலர் நம்புவது எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. பெற்றோல் இயந்திரத்தில் மிதியை விட்டவுடன் காற்று வழி அடைபடுவதால், அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். டீசல் இயந்திரங்களில் பெரும்பாலும் அத்தகைய அடைப்பு இல்லை. பதினெட்டு வளைவில் இறங்குபவர் எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும், தாழ்ந்த கியரில் இறங்குவதே உயிருக்குக் காவல்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஹுன்னஸ்கிரியவில் வாழும் சகோதரர் இருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. மூத்தவர் சிறு டீசல் கார் ஒன்றில் கண்டிக்கும் மகியங்கனைக்கும் நாள்தோறும் வாடகைக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர். இளையவர் பாடசாலை ஆசிரியர். வீட்டிலிருந்து பாடசாலைக்கும், மாதம் இருமுறை கண்டிக்கும் மட்டுமே செல்ல வேண்டியவர்.

“அண்ணே, உங்கள் கார் லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடுகிறதே! எனக்கும் அதுபோல் டீசல் கார் ஒன்று பார்த்துத் தாருங்கள்” என்றார் தம்பி.

அண்ணன் உடனே இணங்கவில்லை. “தம்பி, நான் மாதம் மூவாயிரம் கிலோமீற்றர் ஓடுகிறேன். நீ எவ்வளவு ஓடுவாய்? அதைச் சொல்லு, பிறகு காரைப் பார்ப்போம்” என்றார்.

தம்பியின் ஓட்டம் மாதம் ஐந்நூறு கிலோமீற்றரைத் தாண்டவில்லை. இருவரும் தாளும் பேனையுமாய் அமர்ந்தனர். கணக்கிற்கு எளிதாகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா, டீசல் 280 ரூபா என்றும், மலைவீதியில் பெற்றோல் கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றரும் டீசல் கார் 20 கிலோமீற்றரும் ஓடும் என்றும் வைத்துக்கொண்டனர். அப்படியாயின் ஒரு கிலோமீற்றருக்குப் பெற்றோல் செலவு 20 ரூபா. டீசல் செலவு 14 ரூபா. மிச்சம் 6 ரூபா. ஒரே தரமுள்ள இரு கார்களுள் டீசல் கார் ஆறு இலட்சம் ரூபா கூடுதல் விலை என்றும் கொண்டனர்.

அண்ணனுக்கு ஆண்டொன்றில் எரிபொருளால் மிஞ்சுவது 2,16,000 ரூபா. அதில் டீசல் இயந்திரத்தின் மேலதிகப் பராமரிப்புக்கு 36,000 ரூபாவைக் கழித்தாலும் 1,80,000 ரூபா எஞ்சும். கூடுதலாகக் கொடுத்த ஆறு இலட்சம் மூன்றாண்டு நான்கு மாதத்தில் கைக்குத் திரும்பிவிடும். தம்பிக்கு ஆண்டொன்றில் மிஞ்சுவது 36,000 ரூபா. பராமரிப்புக்கு 12,000 ரூபா போக, எஞ்சுவது 24,000 ரூபா. ஆறு இலட்சம் திரும்பி வர இருபத்தைந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் கார் இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆசிரியரும் ஓய்வு பெற்றுவிடுவார். இன்னுமொன்று: அவ்வாறு இலட்சத்தையே நூற்றுக்கு ஆறு வீத வட்டிக்கு வங்கியில் இட்டால், ஆண்டு வட்டி 36,000 ரூபா. டீசலால் மிஞ்சும் எரிபொருட் செலவு முழுவதையும் அவ்வட்டியே தந்துவிடுகிறது. ‘லீசிங்’ கடனில் வாங்குபவராயின் அவ்வட்டியைத் தாமே கட்ட வேண்டியவராவார்.

விலைகளும் தூரங்களும் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும். கணக்கிடும் முறை மாறாது. கூடுதல் விலையை, ஆண்டுதோறும் உண்மையில் மிஞ்சும் தொகையால் வகுத்தல் வேண்டும். வரும் விடை, அக்காரைத் தாம் வைத்திருக்கப்போகும் ஆண்டுகளிலும் குறைவாயின் டீசல் ஏற்றது. மிகுமாயின் பெற்றோலே ஏற்றது.

எரிபொருள் விலையை நம்பிக் காரைத் தேர்வது எத்துணை இடருடையது என்பதை 2022ஆம் ஆண்டு இந்நாட்டு மக்களுக்கு நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. ஓட்டோ டீசல் 121 ரூபா. பேருந்து, லொறி, மீன்பிடிப் படகு ஆகியவற்றின் நன்மை கருதி டீசலின் விலை நெடுங்காலமாகவே தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த 56 ரூபா வேற்றுமை என்றும் நிலைக்கும் எனப் பலர் எண்ணினர். ஆனால் 2022 ஜூன் மாதம் 26ஆம் திகதி பெற்றோல் 470 ரூபாவுக்கும் டீசல் 460 ரூபாவுக்கும் உயர்ந்தன. வேற்றுமை பத்தே ரூபாவாகச் சுருங்கிற்று.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. சகோதரர் கைக்கொண்ட அதே 15, 20 கிலோமீற்றர் கணக்கின்படி, ஆண்டின் தொடக்கத்தில் டீசலால் கிலோமீற்றருக்கு மிஞ்சியது 5 ரூபா 75 சதம். அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 2 ரூபா 80 சதம், அரசின் விலைச் சலுகையால் வந்தது. ஜூன் மாத விலையில் மிச்சம் 8 ரூபா 33 சதமாக உயர்ந்தது. அதில் விலை வேற்றுமையால் வந்தது 50 சதம் மட்டுமே. எஞ்சிய முழுவதும் இயந்திரத்தின் சிக்கனத்தால் வந்தது. சலுகை ஓர் அறிவித்தலோடு மறையக்கூடியது. சிக்கனமோ, நன்கு பேணினால், வண்டியோடு இருப்பது. ஆகவே வாங்குபவர் இரண்டையும் பிரித்தறிந்து, சிக்கனத்தை மட்டும் கணக்கில் எடுத்து, சலுகை கிடைத்தால் அதை மேலதிக நன்மையாகக் கொள்வதே விவேகம்.

எரிபொருளே கிடையாத நாட்களும் அவ்வாண்டில் வந்தன. ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த ‘கியூஆர்’ முறையில், தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் மட்டுமே அளக்கப்பட்டது. அம்முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. அளந்து கொடுக்கும் நாளில், ஒரு லீற்றர் என்ன விலை என்பதைவிட, அது எத்தனை கிலோமீற்றர் கொண்டுசெல்லும் என்பதே பெரிது. ஆதலால் பெற்றோல் காரைத் தெரிபவரும் சிறிய, இலேசான, சிக்கனமான இயந்திரத்தையே நாடுதல் நன்று.

டீசல் காரை நாடுவோர் அறியவேண்டிய செய்தி இன்னுமொன்று உண்டு. சிறு டீசல் கார் உலகெங்கும் அருகி வருகிறது. இந்தியாவின் மாருதி சுசுக்கி நிறுவனம் 2015இல் 793 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள மிகச் சிறிய டீசல் இயந்திரத்தைச் செலேரியோ காரில் பொருத்தி விற்றது. இரண்டே ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, 2020 ஏப்ரல் முதல் டீசல் கார் விற்பனையையே அது நிறுத்திவிட்டது. இலங்கையில் 2020 மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டதாயினும், கையில் அடங்கும் விலையில் சிறு டீசல் கார் தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறர் ஓட்டிய பழைய வண்டியே.

பழைய டீசல் வண்டியைப் பார்க்கச் செல்பவர் அதிகாலையில் செல்லுதல் வேண்டும். உரிமையாளர் முன்கூட்டியே இயக்கிச் சூடாக்கி வைத்த வண்டி உண்மை சொல்லாது. மலைக்குளிரில் ஒரே முயற்சியில் இயங்குகிறதா, ‘ஹீற்றர் பிளக்’ வேலை செய்கிறதா, வெண்புகையோ கரும்புகையோ தொடர்ந்து வருகிறதா என்று நோக்குக. நம்பிக்கையான மோட்டார் பாஸ் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, பம்பியையும் ஊசிகளையும் சோதிப்பிக்குக. புகைத்துகள் வடிகட்டி உள்ள புதுவகை டீசல் வண்டியாயின், அது நெடுந்தூரம் சீரான வேகத்தில் ஓடினாலன்றி வடிகட்டி தன்னைத் தானே துப்புரவாக்கிக் கொள்ளாது. நாளும் இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடி நிற்கும் வண்டிக்கு அது வீண் செலவையே தரும்.

இறுதியாக, காரில் ஏறாதவரைப் பற்றியும் எண்ணுதல் கடமை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது. ஒடுங்கிய மலைவீதியில், ஏற்றத்தில் கரும்புகை கக்கிச் செல்லும் வண்டியின் பின்னே நடப்பவர் யார்? கொழுந்துக் கூடை சுமந்து திரும்பும் பெண்களும், புத்தகப் பையோடு பாடசாலைக்குச் செல்லும் சிறுவருமே. நக்கிள்ஸ் காடுகளோ 2010ஆம் ஆண்டு முதல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையில் இடம்பெற்றவை. நாள்தோறும் பாரம் ஏற்றி ஓடிப் பிழைப்பவருக்கு டீசல் தேவையெனின், ஊசிகளை உரிய காலத்தில் சீர்செய்து புகையடக்கி ஓட்டுவது அவர் ஊருக்குச் செலுத்தும் கடன்.

அவ்விரு சகோதரரின் கணக்கு முடிந்தபோது, தம்பி பெற்றோல் கார் வாங்குவதெனத் தீர்மானித்தார். மிஞ்சிய ஆறு இலட்சம் நகையை மீட்க உதவிற்று. அண்ணன் தம் டீசல் காரையே தொடர்ந்து ஓட்டினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வீதியில் ஓட்டுபவர்கள், இருவேறு முடிவுக்கு வந்தனர். இருவர் முடிவும் சரியே. அயலவர் எதை வாங்கினார் என்று பார்த்து வாங்குவதை விடுத்து, சென்ற ஆண்டில் தமக்கு எத்தனை கிலோமீற்றர் பயணம் இருந்தது என்பதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தபின் கடைப்படி ஏறுபவர் ஏமாறமாட்டார்.