மலையிலிருந்து தீவுக்கு, திண்டுக்கல் வழியாக



கொடைக்கானலிலிருந்து ராமேஸ்வரம் எவ்வளவு தூரம்? வரைபடத்தில் அடிக்கோலை வைத்தால் சுமார் 225 கிலோமீட்டர். சின்ன விமானம் ஒன்று இருந்தால் முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடும். ஆனால் பயணிகள் விமான நிலையம் மலையிலும் கிடையாது, தீவிலும் கிடையாது. இடையில் மதுரையில்தான் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்களுக்கு மதுரை வழியாக 290 கிலோமீட்டர். திண்டுக்கல்லைத் தொட்டுப் போனால் 330 சொச்சம். நான் திண்டுக்கல்காரன், அந்தக் கூடுதல் நாற்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன மார்கழியில் கொடையிலிருந்து இறங்கினேன். பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில். காலையில் வெள்ளைக் கல்லாக உறைந்து கிடந்தது. தலைக்கு வைக்க முடியாமல் மூடியை இறுக்கி உள்ளே போட்டுவிட்டேன். பெருமாள்மலை, ஊத்து என்று கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியும்போது காது அடைத்தது. பக்கத்தில் இருந்த பாட்டி, “எச்சிலை முழுங்குப்பா, விட்டுரும்” என்றார். விட்டது. காட்ரோடு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். வத்தலக்குண்டு, செம்பட்டி தாண்டி, மலைக்கோட்டைப் பாறை கண்ணில் பட்டு, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பையைத் திறந்தால் எண்ணெய் தண்ணீராக உருகியிருக்கிறது. பாட்டிலின் இரண்டு பக்கமும் யாரோ உறிஞ்சியதுபோல ஒட்டிப்போயிருந்தன.

உறிஞ்சியது யாருமில்லை. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலைக்காற்றை அடைத்துக்கொண்டு வந்த பாட்டிலைச் சமவெளிக் காற்று வெளியிலிருந்து நெருக்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. வானத்தில் 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்குள்ளும் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்கு உரிய அழுத்தத்தைத்தான் வைத்திருப்பார்கள். அதாவது, விமானப் பயணிகள் சுவாசிப்பது கொடைக்கானல் காற்று மாதிரிதான். விமானம் தரையிறங்கும்போது காது அடைப்பதும் நம் மலைப் பேருந்தில் அடைப்பதும் ஒன்றே. விமானத்தில் அது அரை மணி நேரம், நமக்கு இரண்டு மணி நேரம். டிக்கெட் விலையைப் பார்த்தால் நமக்குத்தான் லாபம்!

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனவர்களின் போட் மெயில், 1914க்கு முன்பு திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ஓடியது, அங்கே கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வண்டி தனுஷ்கோடிக்குத் திரும்பியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. இன்றைய போட் மெயில் திருச்சி, காரைக்குடி, மானாமதுரை வழியாக ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது, எங்கள் ஊர்ப் பக்கம் வருவதில்லை. அந்தப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது.

மலையிலிருந்து தீவுக்குக் கிளம்புகிறவர்கள் திண்டுக்கல்லில் இறங்கி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மதுரை வண்டி ஏறுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம் வண்டி ஆரப்பாளையத்தில் நிற்கும், ராமேஸ்வரம் பேருந்து மாட்டுத்தாவணியில். இடையே டவுன் பஸ் இருக்கிறது.