எந்த ஆயில்ப்பா பெஸ்ட்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவன்தானே, உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். நம்மில் சிலர் இப்போது நல்ல வேகமான கார் வைத்திருக்கிறோம். பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "எந்த ஆயில்ப்பா பெஸ்ட்?"

பெஸ்ட் என்று ஒன்று கிடையாது. அந்த எஞ்சினுக்குப் பொருந்துவதே நல்ல ஆயில். ஹோண்டா எஸ்2000 காரின் 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும். அதற்கு ஹோண்டா சொன்னது 10டபிள்யூ-30. பி.எம்.டபிள்யூ இ46 எம்3 கார் 8000 சுற்று போகும். அதற்குச் சொன்னதோ 10டபிள்யூ-60. இரண்டும் பந்தயக் குதிரைதான், தீனி வேறு!

'டபிள்யூ' என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்கிறது. பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 100 டிகிரியில் 60 ஆயில், 30 ஆயிலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. பேரிங் இடைவெளி, பம்ப் அழுத்தம் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் கம்பெனி அந்த எண்ணைக் கொடுக்கிறது. "கெட்டியா ஊத்தினா பாதுகாப்பு" என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

கியர் ஆயிலும் அப்படித்தான். ஜிஎல்-4ஐவிட ஜிஎல்-5 உயர்ந்தது என்று நினைக்கிறோம். ஜிஎல்-5 பின் அச்சின் ஹைபாய்டு கியருக்காக வந்தது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. கூலண்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவிதி எதுவும் இல்லை.

இனிதான் முக்கியம். எஞ்சின் ஆயிலில் கோட்டை விட்டால் பணம் போகும். பிரேக் ஆயிலில் விட்டால் உயிரே போகலாம். ஆனால் அதைப் பற்றித்தான் யாருமே கேட்பதில்லை!

டாட் 4 பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்சம் 155தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் என்ன ஆகும்? சூடு ஏறிக்கொண்டே போய் ஆயில் கொதிக்கும். குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது.

ஆகவே வேகமான காரானாலும் சாதாரணக் காரானாலும் கம்பெனி சொன்ன கெடுவில், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிரேக் ஆயிலை மாற்றுங்கள். சீல் உடைக்காத பாட்டிலாக இருக்கட்டும். டாட் 5.1க்குக் கொதிநிலை இன்னும் அதிகம். ஆனால் டாட் 5 வேறு ஜாதி, சிலிகான். இரண்டையும் கலக்கவே கூடாது. இறக்கத்தில் லோ கியர் போடுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டி, கடைசியாக எப்போது மாற்றினோம் என்று பாருங்கள். அடுத்த சந்திப்பிலும் எல்லோரையும் இதே அரங்கில் பார்க்க வேண்டும்.