மலைநாட்டில் முதுமையும் சுகாதாரக் கொள்கையும்



நமது நாடு முதுமை எய்தி வருகிறது. 1946ஆம் ஆண்டளவில் இலங்கையில் பிறந்த ஒரு குழந்தை சராசரியாக ஏறத்தாழ 43 ஆண்டுகளே வாழும் என்று கணக்கிட்டனர். இன்று அந்த எல்லை 75ஐத் தாண்டிவிட்டது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதை எட்டியவர்கள் நூற்றுக்கு 6.6 பேராக இருந்தனர். 2012இல் அத்தொகை 12.4 ஆயிற்று. மலேரியாவை அடக்கியதும், தாயையும் சேயையும் காத்ததும், இலவச வைத்தியமும் நமக்கு ஈட்டித் தந்த செல்வம் இந்த நீண்ட ஆயுள். ஈட்டியதைப் பேணுவது எவ்வாறு என்பதே இப்பொழுது நம்முன் நிற்கும் வினா.

அவ்வினாவை வட்டவளையில் நின்று ஆராய விரும்புகிறேன். அட்டன் செல்லும் வழியில் அமைந்த இவ்வூர் இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. சரிவான மலை, வழுக்கும் படிகள், நெடுஞ்சாலையிலிருந்து விலகி நிற்கும் லயங்கள் ஆகியவற்றின் நடுவே ஒரு கொள்கை முதியவரைச் சென்றடையுமாயின், அது நாட்டின் எம்மூலைக்கும் செல்லும்.

ஆரோக்கியமான முதுமை என்பது யாது? நோயே இல்லாதிருத்தல் என்று கொண்டால், 70 வயதில் அத்தகையோர் மிகச் சிலரே. உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு வேறோர் அளவுகோலைத் தந்தது. ஒருவர் தாம் மதிக்கும் வாழ்வை வாழ்வதற்கு வேண்டிய செயலாற்றலை வளர்த்து, அதனைக் காத்துக்கொள்வதே ஆரோக்கியமான முதுமை என்று அது கூறிற்று. அந்த ஆற்றல் உடலுக்குள் மட்டும் இருப்பதன்று. சூழலும் அதில் பங்கு கொள்கிறது. முழங்கால் நோவுள்ள ஒரு மூதாட்டி சமதரையில் கோயிலுக்கும் கடைக்கும் தாமே போய்வருவார். அவரே நாற்பது படி ஏறவேண்டிய லயத்தில் வாழ்ந்தால் வீட்டுக்குள் சிறைப்படுவார். முழங்கால் ஒன்றே, படிகள்தான் வேறுபடுகின்றன.

செயலாற்றல் என்னும் அளவுகோல் தோட்டங்களுக்குப் புதியதன்று. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் டிஸ்பென்சரிகளும் தோட்ட வைத்தியசாலைகளும் எழுந்தன. தொழிலாளி மலைக்குச் செல்லும் வலுவோடு இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் முதல் நோக்கம். தோட்டத்தில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலையை நிறைவு செய்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழும் காலம் வரை தோட்டத்தின் கணக்கில் அவர் இருந்தார். பேர் நின்றபின், அவருடைய உடல்நலத்தைக் கணக்கெடுக்க எவருக்கும் கடமை இருக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒரே தடவையில் கைக்கு வரும் பணம். மகளின் திருமணத்திலோ பழைய கடனிலோ அது கரைந்துவிட்டால், மாதந்தோறும் வருவதற்கு ஒன்றுமில்லை.

நாட்டில் இன்று சட்டங்களுக்குக் குறைவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. 2006இல் சிரேஷ்ட பிரசைகளுக்கான தேசியக் கொள்கையும், 2017இல் முதியோர் சுகாதாரத்துக்கான தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டன. 2021 முதல் 2030 வரையான காலத்தை ஆரோக்கியமான முதுமைக்குரிய பத்தாண்டு என ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்துள்ளது. மலைநாட்டிலும் பணிகள் நடந்துள்ளன. 2017 மே மாதத்தில் டிக்கோயாவில், இந்திய அரசின் உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வருகிறது.

ஆயினும், அம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம் தார்ச்சாலை. அங்கிருந்து லயம் வரையுள்ள ஒற்றையடிப் பாதையில், மழை பெய்யும் இரவில், நோயாளியைக் கம்பளியில் கிடத்தி நால்வர் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது. ஆதலின், கட்டில்களை எண்ணும் கொள்கை வகுப்போர் இந்தப் பாதையின் நீளத்தையும் அளந்துகொள்வது நன்று.

இனி, செய்யத்தக்கவை எவை?

முதலாவது, முதுமையை 60 வயதில் தொடங்கக் கூடாது. முதுகில் கூடையும் தலையில் அதன் கயிறுமாகக் கொழுந்து கொய்யும் பெண்ணின் கழுத்தும் முழங்காலும் தேய்வது 30 வயதிலேயே. குளிருக்கு மெல்லும் வெற்றிலை, புகையிலையிலிருந்து வாய்ப் புற்றுநோய் பிறக்கிறது. காற்றோட்டமற்ற காம்பராவில் விறகுப் புகை மார்பைக் கெடுக்கிறது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் நோவு காட்டாமல் வளர்வன. இவற்றை முன்கூட்டிக் கண்டறியவே 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. ஆனால் காலை வேளையில் நிலையத்துக்குச் செல்லும் தொழிலாளி அன்றைய பேரை இழக்கிறார். ஒரு நாட் கூலியை விலையாகக் கேட்கும் பரிசோதனையை இலவசம் என்று கூறலாமா? கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே பரிசோதனை வருதல் வேண்டும்.

இரண்டாவது, வீட்டுக்கு வீடு செல்லும் முறை. இதற்கு வெளிநாட்டில் முன்மாதிரி தேட வேண்டுவதில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவே நமது பொதுச் சுகாதார அமைப்பின் வித்து. ஒவ்வொரு கருவுற்ற தாயின் பெயரையும் பதிவேட்டில் எழுதி, அவளைத் தேடிச் சென்ற மருத்துவிச்சியே இந்நாட்டின் தாய் சேய் மரணங்களைக் குறைத்தவர்களுள் முதன்மையானவர். தோட்டங்கள் நெடுங்காலம் அவ்வமைப்புக்குப் புறம்பாக நின்றமையின் பயனையும் நாம் அறிவோம். அதே முறையில், 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு வேண்டும். கண்ணில் புரை உண்டா, கடந்த மாதம் விழுந்தாரா, மருந்து தீர்ந்துவிட்டதா, இரவில் கழிப்பிடம் செல்ல விளக்கு உண்டா என்னும் நான்கு கேள்விகளைக் கேட்பதற்குப் பெரிய வைத்தியசாலை தேவையில்லை. நடந்துவரும் ஓர் உத்தியோகத்தர் போதும்.

மூன்றாவது, அருகிலிருப்போர். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். இன்று தோட்டத்தில் குறைந்து வருவது நான்காவது கூறு. இளையோர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர்; எஞ்சியோர் காலையில் மலைக்கு ஏறிவிடுகின்றனர். தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா பல தலைமுறைகளாக இருக்கிறது. தாய் மலைக்குச் செல்லும் வேளையில் சேயை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தோட்டம் ஏற்றுக்கொண்டது. அதே வேளையில் தனித்திருக்கும் முதியவருக்கும் பகற்பொழுதில் ஓரிடம், சூடான உணவு, பேச்சுத்துணை ஆகியவற்றை ஏன் ஏற்படுத்தக் கூடாது?

நான்காவது, ஆவணங்கள். இன்று 75 வயதைக் கடந்த தோட்டத்து மக்களுட் பலர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாலும் நாடற்றோராகவும் உறவு பிரிந்தோராகவும் வாழ்ந்தவர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலைக்கு வழிசெய்தது. எனினும் பிறப்புப் பத்திரமின்மையும், பெயர் ஓரிடத்தில் ஒருவாறும் மற்றோரிடத்தில் வேறாகவும் எழுதப்பட்டிருத்தலும் இன்றும் தடையாகின்றன. வயதை நிறுவ இயலாதவருக்கு முதியோர் கொடுப்பனவு எங்ஙனம் கிட்டும்? தமிழில் எழுதி உதவும் ஓர் உத்தியோகத்தரும் சுகாதாரச் சேவையின் ஓர் அங்கமே.

நேயர்களே, இம்முதியோர் பறித்த கொழுந்தினால் நாடு அந்நியச் செலாவணி ஈட்டியது. அன்று அவர்களுடைய செயலாற்றலைத் தோட்டம் தன் தேவைக்காக அளந்தது. இன்று நாடு அதனை அவர்களுடைய வாழ்வுக்காக அளக்க முன்வர வேண்டும். உங்கள் தோட்டத்தில், உங்கள் லயத்தில், 60 வயதைக் கடந்தோர் எத்தனை பேர், அவர்களுள் படியிறங்க இயலாதோர் எத்தனை பேர் என்று எண்ணி, அப்பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் சேர்ப்பியுங்கள். மாதர் சங்கமோ, கோயில் சபையோ, வாலிபர் மன்றமோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துமுடிக்கத்தக்க பணி இது. செக்ரோலில் நின்றுபோன பேர் வேறொரு பதிவேட்டில் மீண்டும் எழுதப்படட்டும்.