எரிமலையும் முன்னறிவிப்பும்: மாநாட்டுத் தலைமை உரை



சம்பிரதாயமான முகவுரையை நீட்டாமல், ஆறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை உங்கள் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன்.

கொலம்பியா தேசத்தில், பனி மூடிய சிகரத்தையுடைய நெவாதோ தெல் ரூயிஸ் என்னும் மலை 1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணியளவில் வெடித்தது. வெடிப்பின் பருமனை அளக்க நியூஹால், செல்ஃப் என்னும் அறிஞர்கள் 1982-இல் வகுத்த சுட்டெண்ணில் அது மூன்றாம் படியைத் தாண்டவில்லை. ஆயினும் அனற்பட்டு உருகிய பனி, சாம்பலையும் பாறையையும் வாரிக்கொண்டு சேற்று வெள்ளமாய்ப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, இரண்டரை மணி நேரத்துக்குள் ஆர்மேரோ நகரத்தைப் புதைத்தது. அவ்விரவில் மாண்டவர் ஏறத்தாழ 23,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்நகரத்தார். 1845-இல் இறங்கிய சேற்றின் மீதே அந்நகரம் எழுந்திருந்தது என்பதையும், அதனை அபாய எல்லைக்குள் காட்டிய வரைபடம் முந்திய மாதமே தயாராயிருந்தது என்பதையும் எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. இரண்டரை மணி நேரம்! மேட்டு நிலத்துக்கு நடந்தே போயிருக்கலாமே!

இரண்டாவது சம்பவம் இது: பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினாதுபோ எரிமலை, சுமார் 500 ஆண்டு உறங்கியபின், 1991 ஏப்ரலில் நீராவி கக்கத் தொடங்கியதும், அந்நாட்டு நிபுணர்களும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினரும் நிலநடுக்கக் கருவிகளை நிறுவி, மலையினின்று வெளிப்படும் சல்பர் டை ஆக்சைடையும் அளந்து வந்தனர். மே 13-இல் நாளொன்றுக்கு 500 டன். 28-இல் 5,000 டன். ஜூன் தொடக்கத்திலோ திடீரென மிகக் குறைந்துவிட்டது. மலை சாந்தமடைகிறதென்று எண்ணி ஏமாந்திருக்கக்கூடிய அத்தருணத்தில், மேலேறி வந்த பாறைக்குழம்பு வாயுவின் வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம், உள்ளே அழுத்தம் பெருகுகிறது என்று ஊகித்த அவர்களுடைய விவேகத்தை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன்.

அதனினும் ஒருபடி மேலாக நான் மதிப்பது, அனற்புகை வெள்ளமும் சேற்று வெள்ளமும் பாய்ந்து வரும் கோரத்தைக் காட்டிய எரிமலை ஆய்வாளர் மோரீஸ் கிராஃப்டின் படத்தை அவர்கள் அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் போட்டுக் காட்டியதே. அப்படத்தை உருவாக்கியவரும் அவர் மனைவி காத்யாவும் அவ்வாண்டு ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில், அதே அனற்புகை வெள்ளத்துக்கு இரையாயினர். ஜூன் 15-இல் பினாதுபோ பெருவெடிப்பாய் வெடித்தபோது பல்லாயிரம் ஜனங்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். அன்றே வந்த சூறாவளி மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காது கூரைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. சாம்பலின் எடையும் நம் கணக்கில் ஏறவேண்டும்.

ஆகவே, இங்கே கட்டுரை வாசிக்கவிருக்கும் அறிஞர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் அளவைகளின் முடிவை மலையடிவாரத்துக் குடியானவனுக்கு எந்தச் சொற்களில், யார் வாயிலாக, எத்தனை நாள் முன்னதாகச் சொல்லவேண்டும் என்பதற்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். இவ்வேண்டுகோளுடன் மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.